புள் காட்டிய வழி

வழி தவறியவன் ஒருவன் வந்து நின்று வருந்துவதற்குத் திருப்புட்குழியைவிடப் பொருத்தமான ஊர் வேறு இருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் காஞ்சீபுரத்தைக் கடந்து மேற்கே சென்றால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதன் அருகிலேயே நம் ஊர். புள் என்றால் பறவை. அந்தப் பறவையை அடக்கம் செய்த குழி புட்குழி. சீதையைப் பறிகொடுத்துத் திசை தெரியாமல் அலைந்த இராமபிரானுக்கு, "இராவணன் அவளைத் தென்திசை நோக்கிக் கொண்டு சென்றான்" என்று சொல்லிவிட்டு உயிர் விட்ட ஜடாயுவுக்கு, பெருமான் தம் கையாலேயே ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஐதீகம். விஜயராகவப் பெருமாள் கோயிலும், மரகதவல்லித் தாயார் சந்நிதியும், ஜடாயு தீர்த்தம் என்னும் திருக்குளமும் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன.

இன்னொரு கதையும் உண்டு. இராமானுஜர் இளம்பிராயத்தில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இவ்வூரில்தான் என்பார்கள். குருவுக்கும் சீடருக்கும் மனம் வேறுபட்ட பிறகு, காசி யாத்திரை என்று அழைத்துச் சென்ற குருவின் கூட்டத்திலிருந்து இராமானுஜர் விந்தியக் காட்டில் தனியாகப் பிரிந்து விட்டார். திக்குத் தெரியாத அந்தக் காட்டில் ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்து அவரைக் காஞ்சிக்குக் கொண்டு வந்து சேர்த்ததாகக் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன.

இப்படி இரண்டு வழிகாட்டிகளின் சம்பந்தம் பெற்ற ஊரில் பிறந்து, அறுபது வயதை நெருங்கிக் கொண்டிருக்கும் நாம், சென்ற வருஷம் புரட்டாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தி வேளையில், சொந்த வீட்டுக்குப் போக வழி தெரியாமல் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நம் தமக்கையின் மகன் கால் எலும்பு முறிந்து கிடந்தான். அவன் வண்டி சரிவில் கவிழ்ந்து கிடந்தது. அந்தத் தவறு யாருடையது என்பதை ஆறு வாரம் நாம் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது நேயர்களிடம் சொல்லி விடுகிறோம். ஆனால் அதற்கு முன் அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் மருமகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ராயல் என்பீல்ட் ஹிமாலயன் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தான். அந்த வண்டியின் மேல் நமக்கும் ஒருவித அபிமானம் உண்டு. இங்கிலாந்தில் தோன்றிய அந்தப் பெயர் அந்நாட்டில் மறைந்து போன பிறகும், 1955-ல் சென்னையில் தொடங்கப்பட்ட கம்பெனியினால் அல்லவா உலகில் உயிரோடு இருக்கிறது? இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் நம் பிள்ளைகள் பூட்டி அனுப்பும் வண்டிகள் சீமைக்கே போகின்றன. தார் ரோடு இல்லாத இடத்திலும் ஓட வேண்டும் என்பதற்காகவே 2016-ல் அந்த ஹிமாலயன் வெளிவந்தது.

பையனுக்குத் தார் ரோடு பிடிக்காது. ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு, பாலாற்று மணல் இவைதான் அவனுக்குப் பிடித்த ராஜபாட்டைகள். ஒரு நாள் சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து நம் முன் வைத்தான்.

"மாமா, இதுதான் ஜி.பி.எஸ். கையிலேயே வைத்துக் கொள்ளலாம். நாம் எங்கே இருக்கிறோம் என்று இது சொல்லும்" என்றான்.

"நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்கே தெரியுமே! திண்ணையில் அல்லவா இருக்கிறோம்?" என்றோம்.

உள்ளேயிருந்து நம் சகதர்மிணி, "அந்தப் பெட்டியை உங்கள் மாமாவின் கழுத்திலே கட்டிவிடு, அப்பா. பஜாருக்குப் போனால் எப்போது திரும்பி வருவார் என்றாவது தெரியும்" என்று சொன்னாள்.

அந்தப் பெட்டியின் தத்துவம் எளிது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கர்களின் செயற்கைச் சந்திரன்கள் முப்பதுக்குக் குறையாமல் சுற்றிக் கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது என் கடிகாரத்தில் மணி இத்தனை, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் அறிவிக்கிறது. மின்னலைக் கண்டதும் இடி கேட்கும் வரையில் எண்ணி, மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நம் குடியானவர்கள் சொல்வதில்லையா? அந்தக் கணக்குத்தான் இதுவும். அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு பெட்டி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் ரேடியோ அலை ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு செய்து அதில் ஒரு கூறு தவறினாலும் 300 மீட்டர் பிசகிப் போகும். பெட்டியில் இருக்கும் கடிகாரமோ மலிவானது. ஆகவே மூன்று சந்திரன்கள் இடத்தைச் சொல்ல, நான்காவது ஒன்று பெட்டியின் கடிகாரத்தைத் திருத்துகிறது. நாலு பேர் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இவற்றில் முதலாவது 1978-ல் ஏவப்பட்டது. இராணுவத்துக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாட்டில், பொது ஜனங்களுக்குக் கிடைக்கும் குறிப்பை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கி வைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதம் அந்தத் தடையை நீக்கினார்கள். பிறருடைய கடிகாரத்தை நம்பியிருப்பதில் உள்ள சங்கடத்தை உணர்ந்து நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. 2013-லிருந்து 2016-க்குள் ஏழு கலங்களை நிறுத்தி "நாவிக்" என்று பெயரிட்டார்கள். சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதுபட்டன. ஆனால் அந்தக் கடிகாரங்கள் வெளிநாட்டில் வாங்கியவை. 2023-ஆம் வருஷம் மே மாதம் சென்ற கலத்தில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் ஏறிற்று. 2025 ஜனவரியில் அடுத்த கலத்தை அனுப்பியபோது ராக்கெட் சரியாகவே கொண்டு சேர்த்தும், கலம் தன் பாதையை எட்டாமல் போயிற்று. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. தறியில் இழை அறுந்தால் முடி போட்டு மேலே நெய்கிறவர்கள்தாமே நாம்!

ஞாயிற்றுக்கிழமை மகேந்திரவாடிக்குப் போய்வருவதாக ஏற்பாடு. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பெயரால் தடாகம் ஒன்று வெட்டி, அதன் கரையில் தனியே கிடந்த ஒரே பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்த ஊர் அது. பறவை பறக்கிறபடி அளந்தால் நம் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். புறப்படுவதற்கு முந்தின இரவு பையன் பெட்டியை நம் கையில் கொடுத்து, "மாமா, வீடு இருக்கும் இடத்தை இதில் குறித்து விடுங்கள், நான் போய் பெட்ரோல் போட்டுக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நம்மிடம் பழைய தேசப் படத்திலிருந்து எழுதி வைத்திருந்த காகிதத் துண்டு இருந்தது. அதில் 12-52 வடக்கு, 79-37 கிழக்கு என்று கண்டிருந்தது. அப்படியே ஒவ்வோர் எண்ணாக அழுத்தி முடித்தோம். வெகு கர்வமாகவும் இருந்தது.

பெட்டியை வண்டியில் பொருத்துவதற்குப் பையன் ஒரு பிளாஸ்டிக் பிடி வாங்கியிருந்தான். கைப்பிடிக் குழாயில் ஒரு வளையத்தைப் போட்டு ஒரு திருகாணியால் முடுக்கினான். அதைப் பார்த்த சகதர்மிணிக்கு நம்பிக்கை வரவில்லை. மீந்த பட்டு நூலை எட்டுப் புரியாக முறுக்கி, பெட்டியின் காதில் ஒரு முனையையும் வண்டியின் குழாயில் மறு முனையையும் கட்டினாள். பையன் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. தாமல் ஏரிக்கரையின் காற்றும், பனப்பாக்கம், நெமிலிப் பக்கத்துப் பசுமையும் நம்மை இருபது வயது இளைஞனாக்கின. ஒரே ஓர் அதிசயந்தான்: வண்டி குலுங்கும் போதெல்லாம் பெட்டி திடீரென்று அணைந்து போகும். மறுபடியும் பொத்தானை அழுத்தி உயிர் கொடுக்க வேண்டும். மகேந்திரவாடிக் குகையில் வெகு நேரம் உட்கார்ந்து விட்டோம். புறப்படும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"வீடு" என்பதை அழுத்தினான். அம்பு ஒன்று தோன்றிற்று. தூரம் 55 கிலோமீட்டர் என்று காட்டியது.

"என்னடா இது, வரும்போது இவ்வளவு தூரமா வந்தோம்?" என்றோம்.

"வளைந்து வளைந்து வந்தோம் அல்லவா, மாமா? யந்திரம் பொய் சொல்லாது" என்றான்.

அஸ்தமிக்கிற சூரியன் நமக்குப் பின்புறம் இருந்திருக்க வேண்டும். அது வலது கன்னத்தில் அடித்துக் கொண்டிருந்தது. ஊருக்குத் தென்கிழக்கே போக வேண்டியவர்கள் தென்மேற்கே போய்க் கொண்டிருந்தோம். இதை நாம் கவனிக்கவே செய்தோம். கவனித்தும், பெட்டிக்கு எதிராக நம் கண்ணைச் சாட்சிக்கு அழைக்கத் துணியவில்லை. காவேரிப்பாக்கத்துப் பக்கத்தில் ஒரு சிற்றேரியின் கரை மேல், முந்தின நாள் மழையில் ஊறிய களிமண்ணில் முன்சக்கரம் வழுக்கிற்று. தலைக் கவசங்கள் இருந்தபடியால் இருவர் தலையும் தப்பின. நமக்கு முழங்கை சிராய்ப்பு. பையனுடைய வலது கால் வண்டிக்கு அடியில் அகப்பட்டுக் கொண்டது.

பிளாஸ்டிக் பிடி இரண்டாக உடைந்திருந்தது. பெட்டியோ பட்டுக் கயிற்றின் நுனியில் ஊசலாடிக் கொண்டிருந்தது. ஆறடி தள்ளி ஏரித் தண்ணீர்.

108-ஐ அழைத்தோம். தமிழ்நாட்டில் 2008 முதல் எத்தனையோ உயிர்களைக் காத்து வரும் எண் அது. திருப்புட்குழி 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பது அந்த நேரத்தில் நம் ஞாபகத்துக்கு வந்தது என்று சொன்னால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். வாஸ்தவமாகவே வந்தது. "எங்கே இருக்கிறீர்கள், ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பெட்டியிலிருந்த எண்களைப் படித்தோம். அவள் பொறுமையாகக் குறித்துக் கொண்டு, "ஊர்ப் பெயர்? பக்கத்தில் கோயில், பள்ளிக்கூடம், ஏதாவது அடையாளம்?" என்றாள். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

அப்போது கரைக்குக் கீழே ஆடுகளை ஓட்டிக் கொண்டு வந்த ஒரு கிழவி ஏறி வந்தாள். "ஏம்பா, புள்ளைக்கு அடியா?" என்றாள்.

"ஆமாம், ஆயா. இது எந்த ஊர்?"

"போனை இப்படிக் குடு" என்று வாங்கிக் கொண்டாள். ஏரியின் பெயர், மூன்றாவது மதகு, ஆலமரத்தடி, எந்தப் பக்கமாக வந்தால் வண்டி சேற்றில் சிக்காது என்பதெல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிறகு பேரனைக் கூப்பிட்டு டார்ச் விளக்குடன் தார் ரோட்டுக்கு ஓடச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வரும் வரையில் பையனுடைய தலையைத் தன் மடியில் வைத்துக் கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியது மறுநாள்தான்.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்கள். தமக்கை அழுது தீர்த்த பிறகு, "எல்லாம் அந்தப் பாழும் யந்திரத்தால் வந்தது. அதையும் விற்க வேண்டும்; வண்டியையும் விற்க வேண்டும்" என்றாள். பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கொண்டான். நாம் ஒன்றும் பேசவில்லை.

ஏனென்றால் அன்றிரவே நமக்கு உண்மை தெரிந்துவிட்டது. நம் காகிதத்தில் இருந்த 12-52 என்பது 12 பாகை, 52 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 52 கலை என்பது தசாம்சத்தில் சுமார் 0.87 பாகை. பெட்டி கேட்டது தசாம்சக் கணக்கு. நாம் கொடுத்திருக்க வேண்டியது 12.87, கொடுத்ததோ 12.52. கிழக்கிலும் அப்படியே, 79.62-க்குப் பதிலாக 79.37. இந்தப் புள்ளி செய்த வேலை என்ன தெரியுமா? நம் வீட்டைத் தெற்கே 38 கிலோமீட்டரும் மேற்கே 27 கிலோமீட்டரும் தூக்கிக் கொண்டு போய்ச் சேத்துப்பட்டுக்குச் சமீபத்தில் வைத்துவிட்டது. யந்திரம் பொய் சொல்லவில்லை. நாம் சொல்லிக் கொடுத்த பொய்யை உண்மையாக எடுத்துச் சொல்லிற்று.

அந்த ஆறு வாரமும் நாம் பிராயச்சித்தம் போல அந்தப் பெட்டியையே படித்தோம். தெரிந்து கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீட்டில் மோட்டார் சைக்கிள் உள்ள பிள்ளைகள் இருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

முதலாவது, கைப் போனே போதாதா என்ற கேள்வி. தார் ரோட்டுக்குப் போதும். ஆனால் அக்கினி நட்சத்திர வெயிலில் போனின் முகம் கறுத்துவிடும். சூடேறித் தானே உறங்கியும் விடும். வண்டியின் அதிர்ச்சியும் அதற்கு ஆகாது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் நடுக்கம் போனின் காமிரா அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று 2021-ல் ஆப்பிள் கம்பெனியே எச்சரித்தது. கையடக்கமான ஜி.பி.எஸ். பெட்டியோ வெயிலிலும் படிக்கக் கூடிய முகமுடையது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டவை பல. நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் நம் மீனவர்கள் இத்தகைய பெட்டிகளை நம்பித்தான் வெகு காலமாகக் கடலுக்குச் சென்று திரும்புகிறார்கள்.

இரண்டாவது, எந்தப் பெட்டி என்பது. கார்மின் என்னும் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் வகை சுமார் 140 கிராம் எடை. பெட்டிக் கடையிலும் கிடைக்கும் இரண்டு சாதாரண பாட்டரிகளில் சுமார் 25 மணி நேரம் ஓடும். ஆனால் முகம் இரண்டங்குலத்துக்குச் சற்று மேல்தான். அதே கம்பெனியின் மொண்டானா 700 வகைக்கு ஐந்தங்குல முகம், சுமார் 400 கிராம் கனம், தொட்டு இயக்கும் கண்ணாடி. பெரிய முகம் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நல்லது. பெரிய கனம் பிடிக்குக் கெடுதல். கையுறையுடன் ஓட்டுகிறவர்களுக்கும் மழையில் ஓட்டுகிறவர்களுக்கும் பொத்தான்கள்தான் சௌகரியம் என்பது நம் அபிப்பிராயம். மலிவான வகைகளில் காந்த ஊசி இராது. நகர்ந்தால்தான் திசை காட்டும். நின்றால் அம்பு தடுமாறும். காந்த ஊசி உள்ளவற்றையும் வண்டியின் இரும்புக்கு அருகில் வைத்து முழுதும் நம்பலாகாது.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. செயற்கைச் சந்திரன் வழியாகச் செய்தி அனுப்பவும் வல்ல பெட்டிகள் உண்டு. நம் நாட்டில் தொலைத்தொடர்பு இலாகாவின் அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டு வந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் கைதாகியிருக்கிறார்கள். இடத்தைக் கேட்டு மட்டும் கொள்ளும் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்காவதுதான் முக்கியமானது, அதாவது பொருத்துகிற விதம். 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கத் தொடங்கினார் லாம்டன் என்ற அதிகாரி. அவருடைய தியோடலைட் கருவி அரை டன் கனம். 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கிற்று. அதைச் செப்பனிட அவருக்குப் பிடித்த காலம் ஆறு வாரம். நம் பையனுடைய காலுக்கு ஆனதும் அதுவே. கருவி எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும், அதைத் தாங்குகிற கயிற்றின் யோக்கியதைதான் அதன் யோக்கியதை.

ஆகவே பிளாஸ்டிக் பிடியை ஒழித்தோம். கைப்பிடிக் குழாயைப் பொதுவாக 22 மில்லிமீட்டர் கனம் என்பார்கள். சில வண்டிகளில் நடுப்பகுதி 28 வரை தடிக்கும். முதலில் அதை அளக்க வேண்டும். குழாயை அணைத்துக் கொள்ளும் யூ வடிவ இரும்பு. அதன் மேல் ரப்பர் போர்த்த ஓரங்குல உருண்டை. பெட்டியின் முதுகிலும் அதே போல் ஓர் உருண்டை. இரண்டையும் கவ்விப் பிடிக்கும் குட்டையான கை. இதுவே பெயர் பெற்ற முறை. நம் ஊர்ப் பெருமாளுக்குக் கீல் குதிரை வாகனம் உண்டு. கீல் வைத்துச் செய்த மரக் குதிரையாதலால், உற்சவத்தில் அது உயிருள்ள குதிரை போலவே அசையும் என்பது பிரசித்தம். அசைய வேண்டிய இடத்தில் அசைந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் நல்ல கீல். கை நீளமாயிருந்தால் நடுக்கமும் அதிகம். ஆகவே குட்டையானதே மேல்.

பொருத்திய பிறகு கைப்பிடியை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் கம்பியோ கிளட்ச் கம்பியோ இழுபடக் கூடாது. விழுந்தால் மார்பு மோதும் இடத்தில் பெட்டி இருக்கக் கூடாது. கண்ணைச் சற்றே தாழ்த்தினால் தெரிய வேண்டும். தலையைக் குனிந்து தேடும்படி வைத்தால் வழி தெரியும், ஆனால் பள்ளம் தெரியாது. பெட்டி அடிக்கடி அணைந்ததற்குக் காரணம், குலுக்கலில் பாட்டரி தன் கம்பியை விட்டு விலகியதுதான். பழைய சைக்கிள் ட்யூபில் சிறு துண்டு வெட்டி மூடிக்கும் பாட்டரிக்கும் நடுவே வைத்து இறுக்கினோம், நோய் தீர்ந்தது. வண்டியின் மின்சாரத்தையே எடுக்க விரும்புகிறவர்கள் நடுவில் ப்யூஸ் வைத்து, சாவியைத் திருப்பினால் அணைந்து போகும்படி செய்து கொள்வது நலம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காப்புக் கயிறு. அது பட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; ஆனால் நம் வீட்டில் வேறு கயிற்றைக் கட்ட இனி யாருக்கும் துணிவு வராது.

இவ்வளவும் தெரிந்து கொண்டோம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. ஆறாவது வாரத்தின் கடைசியில் பழைய சாமான் வாங்குகிற ஒருவரைத் தமக்கை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். அவர் பெட்டியைக் கையில் எடுத்து விலை பேசத் தொடங்கினார். பையன் வாயைத் திறக்கவில்லை. தன் ஓட்டத்தில்தான் ஏதோ தவறு என்று அவன் இத்தனை நாளும் நினைத்துக் கொண்டிருந்தான் என்பதை அந்த முகத்தில் கண்டோம். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, பெட்டியின் மேல் குற்றமில்லை. உன் பிள்ளை மேலும் குற்றமில்லை. வீட்டைத் தவறாகக் குறித்தவன் நான்தான். பாகையையும் தசாம்சத்தையும் குழப்பி விட்டேன். சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பார்த்தும் சொல்லாமலிருந்தேன்" என்றோம்.

தமக்கை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இதைச் சொல்ல உனக்கு ஆறு வாரமா ஆயிற்று?" என்று மட்டும் கேட்டாள். அன்று நமக்குக் காபி கொடுக்கவில்லை. ஆனால் பெட்டியை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினாள்.

தை மாதம் பிறந்தபின் ஒரு நாள் காலை, பையன் சிறிது நொண்டியபடியே நம்மை ஜடாயு தீர்த்தத்தின் கரைக்கு அழைத்துச் சென்றான். பெட்டியை நீட்டி, "வீட்டைக் குறியுங்கள், மாமா" என்றான்.

"நானா? வேண்டாமடா" என்றோம்.

"எண் ஒன்றும் எழுத வேண்டாம். நிற்கிற இடத்தில் நின்று இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். அப்புறம் நாலு அடி தள்ளிப் போய், அம்பு திரும்பி நம்மையே காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்" என்றான்.

அழுத்தினோம். நாலு அடி தள்ளிப் போனோம். அம்பு குளக்கரையைக் காட்டிற்று.

அன்றே இருவருமாகக் காவேரிப்பாக்கத்துப் பக்கம் போனோம். இம்முறை தார் ரோட்டிலேயே போனோம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி நெடுகப் பார்த்துக் கொண்டே போனோம். பெட்டியில் மூன்றாவது மதகின் இடம் பதிந்தே இருந்தது. ஆனாலும் இரண்டு பேரிடம் வழி கேட்டுக் கொண்டுதான் போனோம். ஆயா ஆலமரத்தடியில் ஆடுகளைப் பார்த்துக் கொண்டிருந்தாள். சகதர்மிணி கொடுத்தனுப்பிய புடவையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பையனுடைய காலையும் தடவிப் பார்த்தாள்.

"இப்பவாவது வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரிந்தது, ஆயா" என்றோம்.